ஒரே 4எச், ரெண்டு அர்த்தம்: பழைய 4×4 வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில எனக்கு ஒரு போன். தம்பி முறை ஆகிற பையன். ஒரகடத்துல வேலை பார்க்கிறான். "அண்ணா, மணவாள நகர்ல ஒரு பஜேரோ நிக்குது. 2004 மாடல். ஃபுல் இம்போர்ட்டட்னு சொல்றாங்க. இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துடவா?" என்று கேட்டான். ரெண்டு வருஷமா சீட்டுக் கட்டி எடுத்த பணம். அதுதான் அவனோட மொத்தச் சேமிப்பு.

நான் சொன்னது ஒரே வார்த்தை: "நில்லு."

அன்னைக்கு அவனோட போய் அந்த வண்டியைப் பார்த்தேன். அங்கே என்னென்ன பார்த்தோம், ஏன் பார்த்தோம் என்பதுதான் இன்றைய எபிசோட். பஜேரோவுக்கு மட்டும் இல்லை, ஜிப்ஸி, மகிந்திரா ஜீப், பழைய சஃபாரி, ஸ்கார்ப்பியோ என எந்தப் பழைய 4×4 மேல உங்களுக்குக் கண் இருந்தாலும் இது உதவும்.

மணவாள நகருக்கும் பஜேரோவுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையில இருக்கிற பலருக்கு மணவாள நகர் என்றால் திருவள்ளூர் ஸ்டேஷனுக்குத் தெற்கே, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல வர்ற ஒரு ஊர், அவ்வளவுதான். ஆனா கார் பைத்தியங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்கியமான இடம். அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர்ல ஆலை வச்சிருந்தாங்க. முதல்ல மண் அள்ளும் கனரக வண்டிகள். அந்தப் பிரிவு பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போச்சு. கார் பக்கம் ஜப்பானின் மிட்சுபிஷியோட கைகோத்து, 1998-ல லான்சரைக் கொண்டு வந்தாங்க. 2002-ல பஜேரோ வந்தது.

இந்த பஜேரோவைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கணும். உலகத்துல 1991-லேயே வந்த இரண்டாம் தலைமுறை பஜேரோ இது. 1999-ல ஜப்பான்ல மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. அதுக்கு அப்புறமும் நமக்கு விற்றது பழைய உடம்பைத்தான், 2012 வரைக்கும். அதுல ஒரு நல்லதும் இருக்கு. தனியா ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அது மேல பாடி, 2835 சிசி டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் தொல்லை குறைவு. திறந்து பார்த்துப் புரிஞ்சுக்கக் கூடிய வண்டி.

அப்புறம் அதே திருவள்ளூர் ஆலையில 2013-14 வாக்குல இசுசு வண்டிகளையும் ஒப்பந்தத்துல பொருத்திக் கொடுத்தாங்க. அதுல எம்.யூ.-7 என்று ஒரு பெரிய வண்டி. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிற்கும். ஏழு பேர் உட்காரலாம். பார்த்தா காட்டு யானை மாதிரி இருக்கும். ஆனா நம்ம நாட்டுல விற்ற எம்.யூ.-7 எல்லாம் பின் சக்கரம் மட்டும் சுத்துற வண்டி. இதுதான் முதல் பாடம்: உயரத்தைப் பார்த்து 4×4 என்று நம்பக் கூடாது.

முதல்ல குனிஞ்சு பாருங்க

பின்னாடி கதவுல 4×4 என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதனால வண்டியின் முன்பக்கம் போய்க் குனிஞ்சு அடியில பாருங்க.

பின் அச்சு நடுவுல ஒரு உருண்டையான இரும்புக் கூடு இருக்கும். அதுக்குள்ளதான் டிஃபரன்ஷியல் இருக்கு. நம்ம மெக்கானிக்குகள் கிரௌன் என்று சொல்லுவாங்க. 4×4 வண்டியா இருந்தா முன் அச்சுலயும் அதே மாதிரி ஒரு கூடு இருக்கணும். வண்டியின் நடுவுல கியர் பாக்ஸுக்குப் பின்னால இன்னொரு பெட்டி இருக்கும், அது டிரான்ஸ்ஃபர் கேஸ். அதுல இருந்து பின்னால ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், முன்னால ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் போகணும்.

ரெண்டு ஷாஃப்ட்டும் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. இதைச் சும்மா சொல்லலை. டீசல், பெட்ரோல் மிச்சம் ஆகும்னு முன் ஷாஃப்ட்டைக் கழட்டி வீட்டுல போட்டுட்டு ஓட்டுறவங்க நிறைய பேர். மகிந்திரா ஜீப் குடும்பத்துல அதே உருவத்துல ரெண்டு சக்கர டிரைவ் வண்டிகளும் வந்திருக்கு. வெளியில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாருதி ஜிப்ஸி மட்டும் 1985-ல வந்ததுல இருந்து 4×4 ஆகவே வந்த வண்டி. ஆனாலும் குனிஞ்சு பாருங்க.

அடுத்து உள்ளே உட்காருங்க. கியர் லீவருக்குப் பக்கத்துல ரெண்டாவது லீவர் ஒண்ணு இருக்கும். அது மேல எழுதியிருக்கிற எழுத்தைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. இன்னைக்கு நான் சொல்ல வந்த விஷயம் முழுசும் அந்த எழுத்துலதான் இருக்கு.

நான் செஞ்ச தப்பு

சில வருஷம் முன்னாடி நான் ஒரு ஜிப்ஸி வச்சிருந்தேன். ஐப்பசி மழை. பூண்டி பக்கம் போயிட்டுத் திரும்பி வர்றேன். ரோடு வழுக்கும், நாலு சக்கரமும் சுத்தினா பிடிமானம் நல்லா இருக்குமேன்னு லீவரை 4எச்-ல போட்டேன். தார் ரோடுதான், நனைஞ்சிருந்தது. நேரா ஓட்டுறப்ப சுகமாத்தான் இருந்தது.

மணவாள நகர் வந்து டீசல் பங்க் பக்கத்துல திருப்புறேன். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. முன் சக்கரம் தரையைத் தேய்ச்சு "கிர்ர்" என்று சத்தம். அடியில இருந்து "டக், டக்". பயந்துபோய் 2எச்-க்கு மாத்தலாம்னு பார்த்தா லீவர் அசையவே இல்லை. வண்டி போச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்.

பக்கத்து ஷெட்ல இருந்த மெக்கானிக் அண்ணன் வந்தார். எட்டிப் பார்த்தார். சிரிச்சார். "இன்னா தம்பி, தார்ல ஃபோர்-எச் போட்டியா? ஸ்டியரிங்கை நேரா வச்சிக்கினு ஒரு முப்பது அடி ரிவர்ஸ்ல போ" என்றார். போனேன். லீவர் வெண்ணெய் மாதிரி கழண்டு வந்தது.

அவர் காசு வாங்கலை. ஆனா டீ வாங்கிக் குடுத்து அவர் வாயால கேட்ட பாடம்தான் அடுத்து நான் சொல்லப் போறது.

ஏன் அப்படி ஆச்சு?

மாட்டு வண்டி திரும்புறதைப் பார்த்திருக்கீங்களா? உள் பக்கச் சக்கரம் மெதுவா சுத்தும், வெளிப் பக்கச் சக்கரம் வேகமா சுத்தும். வெளிச் சக்கரம் போற வட்டம் பெரிசு. மாட்டு வண்டியில ரெண்டு சக்கரமும் அச்சுல தனித்தனியா சுத்துது, அதனால பிரச்சினை இல்லை. கார்ல இன்ஜின் ரெண்டு சக்கரத்தையும் தள்ளணும், அதே நேரத்துல வேற வேற வேகத்துல சுத்தவும் விடணும். அந்த வேலையைச் செய்யறதுதான் டிஃபரன்ஷியல்.

இதே கணக்கு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுலயும் இருக்கு. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் போற வட்டம் பின் சக்கரங்களோடதைவிடப் பெரிசு. அதனால முன் அச்சு கொஞ்சம் அதிகம் சுத்தியாகணும்.

ஜிப்ஸியில, பழைய மகிந்திரா ஜீப்ல, பெரும்பாலான பழைய சஃபாரி, ஸ்கார்ப்பியோ 4×4-ல, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டவுடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒண்ணாப் பூட்டிடும். ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். சேத்துல, மணல்ல அது பரவாயில்லை. எங்கேயாவது ஒரு டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி பண்ணிடும். தார்ல டயர் வழுக்காது. அப்ப அந்த வித்தியாசம் எங்கே போகும்? ஷாஃப்ட்லயும் பல்சக்கரத்துலயும் முறுக்கா ஏறும். துணியைப் பிழியற மாதிரி. அந்த முறுக்குதான் என் லீவரைப் பிடிச்சு வச்சிருந்தது. நேரா பின்னால போனதும் முறுக்கு அவிழ்ந்தது. அவிழ்க்காம அப்படியே ஓட்டிக்கிட்டே இருந்தா ஒரு நாள் யூ-ஜாயின்ட் போகும், இல்லைன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லு போகும்.

இந்த வகைக்குப் பார்ட்-டைம் 4×4 என்று பேர். பேர்லயே இருக்கு, கொஞ்ச நேரத்துக்குத்தான். சஃபாரியிலயும் ஸ்கார்ப்பியோவுலயும் லீவருக்குப் பதிலா டேஷ்போர்டுல சுவிட்ச் இருக்கும், ஓட்டிக்கிட்டே போடலாம்னு சொல்லுவாங்க. ஓட்டிக்கிட்டே போடலாம் என்பதுக்கு, தார்ல போட்டுக்கிட்டே ஓட்டலாம்னு அர்த்தம் இல்லை.

பஜேரோவோட 4எச் வேற

இப்ப மணவாள நகர் ஷெட்டுக்குத் திரும்பி வருவோம். தம்பி பார்த்த பஜேரோவுல ரெண்டாவது லீவர்ல நாலு எழுத்து இருந்தது: 2எச், 4எச், 4எச்.எல்.சி., 4எல்.எல்.சி. இதுக்கு மிட்சுபிஷி வச்ச பேர் சூப்பர் செலக்ட்.

இந்த வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுலயும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கு. 4எச்-ல போட்டா அது திறந்தே இருக்கும். முன் அச்சு தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் அதிகம் சுத்தலாம். ஒரு பக்கம் அளவுக்கு மீறி வழுக்கினா, உள்ளே இருக்கிற பிசுபிசுப்பான திரவத்துல இயங்கற ஒரு பூட்டு இறுக ஆரம்பிக்கும். அதனால பஜேரோவுல 4எச் போட்டு மழை நாள்ல தார் ரோட்ல தாராளமா ஓட்டலாம்.

அதுக்கு அடுத்த எழுத்து 4எச்.எல்.சி. கடைசி ரெண்டு எழுத்துக்கு அர்த்தம், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிட்டோம் என்பது. அதாவது ஜிப்ஸியோட 4எச்-உம் பஜேரோவோட 4எச்.எல்.சி.-உம் ஒண்ணு. பஜேரோவோட 4எச் ஜிப்ஸியில கிடையவே கிடையாது.

புரியுதா? ஒரே எழுத்து, ரெண்டு வண்டியில ரெண்டு அர்த்தம். பஜேரோ ஓட்டிப் பழகினவன் ஜிப்ஸிக்கு மாறினா வண்டியை உடைப்பான். ஜிப்ஸி ஓட்டிப் பழகினவன் பஜேரோ வாங்கினா அதோட நல்ல குணத்தையே பயன்படுத்தாம பயந்துக்கிட்டு 2எச்-லயே ஓட்டுவான். அதனாலதான் எழுத்தைப் போட்டோ எடுங்கன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த வண்டியோட கையேட்டைத் தேடிப் படிங்க.

கடைசியா 4எல். எல்லா வண்டியிலயும் இது குறைந்த வேகத்துக்கான பல்சக்கரம். வண்டிக்கு வண்டி மாறும். ஒன்றரை மடங்குல இருந்து இரண்டரை மடங்கு வரைக்கும் இழுவை கூடும், அதே அளவு வேகம் குறையும். இதை வண்டியை முழுசா நிறுத்தி, கிளட்ச் மிதிச்சு மட்டும்தான் போடணும். ஏரிக் கரையில செங்குத்தா இறங்க, சேத்துல மாட்டின டிராக்டர் டிரெய்லரை இழுக்க, இதுக்குத்தான் 4எல்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். 4×4 போட்டா நாலு சக்கரமும் எப்பவும் தள்ளும்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு அச்சுலயும் இருக்கிற டிஃபரன்ஷியல் சும்மா சுத்துற சக்கரத்துக்குத்தான் வேகத்தைக் கொடுக்கும். முன்னால ஒரு சக்கரம், பின்னால ஒரு சக்கரம் சேத்துல தொங்கினா வண்டி அங்கேயே நிக்கும். அதுக்குத்தான் கயிறும் மண்வெட்டியும்.

"ஃபுல் இம்போர்ட்டட்" என்ற பேச்சு

விற்கிற அண்ணன் நல்ல மனுஷர். ஆனா அவருக்கு வண்டி வந்தது மூணாவது கை. "ஃபுல் இம்போர்ட்டட்ப்பா, ஜப்பான் வண்டி, அதான் இந்த ரேட்" என்று அவருக்கு யாரோ சொன்னதை எங்களுக்குச் சொன்னார்.

சேசிஸ் நம்பரைப் பார்க்கலாமான்னு கேட்டோம். 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்த நம்பர் அது. பெரும்பாலும் சேசிஸ் சட்டத்துல வலது பக்கம் சக்கரத்துக்குப் பக்கத்துல அடிச்சிருக்கும், மண்ணையும் துருவையும் சுரண்டித்தான் படிக்கணும். இன்ஜின் அறையில ஒரு தகடுலயும் இருக்கும். அதோட முதல் எழுத்து வண்டி எந்த நாட்டுல பதிவான தயாரிப்புன்னு சொல்லும். ஜே என்று ஆரம்பிச்சா ஜப்பான். எம்.ஏ.-ல இருந்து எம்.இ. வரைக்கும் இந்தியா.

தம்பி செல்போன் டார்ச் அடிச்சுப் படிச்சான். முதல் எழுத்து எம்.

"அண்ணே, இது ஜப்பான்ல இருந்து முழுசா வந்த வண்டி இல்லை. இங்கேயே, நம்ம ஊர் ஆலையில பொருத்தினது" என்றேன். அவருக்கு முகம் சின்னதாச்சு. ஆனா நிஜத்துல இது அவருக்கும் வாங்கறவனுக்கும் நல்ல செய்தி. ஏன்னு சொல்றேன்.

சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அப்புறம் எஃப்.சி. எடுத்து, 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷத்தைத் தாண்டின வண்டிகளுக்கு இதை இரட்டிப்பாக்கினாங்க. சாதாரணக் காருக்கு 10,000, இறக்குமதி காருக்கு 80,000. இதுபோக பசுமை வரி தனி. 2004 மாடல் வண்டி 20 வருஷத்தைத் தாண்டிடுச்சு. ஆர்.சி.யில இறக்குமதி என்று பதிவாகி இருக்கா இல்லையா என்பது எழுபதாயிரம் ரூபாய் வித்தியாசம்.

அதனால பெருமைக்காக "இம்போர்ட்டட்" என்று யாராவது சொன்னா, அந்தச் சொல்லுக்கு விலை உண்டுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. ஆர்.சி.யில என்ன எழுதியிருக்கு, சேசிஸ் நம்பர் என்ன சொல்லுது, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. இன்ஜின் நம்பரையும் ஒத்துப் பாருங்க. பழைய ஜீப்கள்ல வேற கம்பெனி டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சிருப்பாங்க. ஆர்.சி.யில ஏறாத இன்ஜினோட எஃப்.சி.க்குப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தி ஓட்டக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதியா சொல்லிடுச்சு.

இன்னொண்ணு. பழைய டீசல் 4×4 மலிவா டில்லி நம்பர்ல வரும். அங்கே 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடை வந்ததுல நிறைய வண்டி தெற்கே இறங்குச்சு. வண்டி நல்லா இருக்கலாம். ஆனா அந்த ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. கையில இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இங்கே கொண்டு வந்து டிஎன்-20 போடணும்னா அந்தக் காகிதமும் வேணும், இங்கத்திய வரியும் கட்டணும்.

ஓட்டிப் பார்த்தோம்

முதல்ல இன்ஜின். காலையில முதல் ஸ்டார்ட் நாம போனப்புறம்தான் போடணும்னு முன்னாடியே சொல்லியிருந்தோம். சூடா இருக்கிற இன்ஜின் பல குறையை மறைச்சிடும். பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கணும்.

ஸ்டார்ட் ஆச்சு. சத்தம் சரி. அடுத்து லீவர். 2எச்-ல இருந்து 4எச் போட்டதும் டேஷ்போர்டுல குட்டி கார் படத்துல முன் சக்கரம் ரெண்டும் பச்சையா எரியணும். ஆனா இந்த வண்டியில அது நிக்காம கண் சிமிட்டிக்கிட்டே இருந்தது. தம்பி பயந்துட்டான். நான் பயப்படலை. இந்த பஜேரோவுல முன் அச்சைச் சேர்க்கிறதும் விடுறதும் வாக்யூம் குழாய் வழியாத்தான் நடக்குது. இருபது வருஷத்துல ரப்பர் குழாய் வெடிக்கும், வால்வு அடைக்கும், சுவிட்ச் போகும். விளக்கு சிமிட்டறதுக்குப் பெரும்பாலும் இதுல ஒண்ணுதான் காரணம். சரி பண்ணக் கூடிய வேலை, விலையைக் குறைச்சுக் கேட்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஜிப்ஸியோ ஜீப்போ என்றால் இதைப் பாருங்க: முன் சக்கரத்து நடுவுல திருப்பற மாதிரி ஒரு குமிழ் இருக்கா? சில வண்டியில இருக்கும். அதை ரெண்டு பக்கமும் பூட்டினாத்தான் 4எச் வேலை செய்யும். பூட்டிட்டு, மண் தரைக்குப் போய் 4எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுசா திருப்பி மெதுவா ஒரு வட்டம் போடுங்க. ஸ்டியரிங் இறுகி, முன் சக்கரம் மண்ணைச் சீய்க்கணும். இறுகலைன்னா முன் அச்சு சேரலை. இந்தச் சோதனையை மண்ல மட்டும் செய்யுங்க. தார்ல செய்யக் கூடாதுன்னு ஏன் சொல்றேன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

அப்புறம் நாலு டயரும் ஒரே அளவா, தேய்மானம் கிட்டத்தட்ட ஒண்ணா என்று பாருங்க. முன்னால புதுசு, பின்னால மொட்டை என்றால் நேரா ஓட்டும்போதே முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்தும். ஜிப்ஸியில முறுக்கு ஏறும். பஜேரோவுல அந்தப் பிசுபிசுப்புப் பூட்டு சூடேறிக் கெடும்.

எல்லாம் ஓரளவு சரி. தம்பி முகத்துல சிரிப்பு வந்துடுச்சு. கடைசியா ரேடியேட்டர் மூடி. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, இன்ஜின் சில்லுன்னு இருக்கும்போதே அதைத் திறந்து வச்சிருந்தோம். சூடான இன்ஜின்ல திறந்தா முகம் வெந்துடும், ஞாபகம் இருக்கட்டும். இன்ஜின் ஓடிக்கிட்டிருந்தப்ப ஆரம்பத்துலயே கூலன்ட்ல குமிழி குமிழியா வந்தது. நிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துல தண்ணி மேலே தள்ளி வழிஞ்சது.

அது ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம், ஹெட்லயே விரிசலா இருக்கலாம். இந்த இன்ஜின்ல சூடு அதிகமானா ஹெட் விரிசல் விடுறது தெரிஞ்ச பிரச்சினை. திறந்தாத்தான் தெரியும். மிட்சுபிஷி இங்கே புது கார் விற்கறதையே நிறுத்திட்டதால, பாகத்துக்கு அலையணும், காத்திருக்கணும். அந்தச் செலவு தம்பி கையில இல்லை.

வாங்கலாமா, வேண்டாமா

அவன் வாங்கலை. திரும்பி வர்ற வழியில ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. விற்கிற அண்ணன் முதல்ல கோவப்பட்டார், "குறை சொல்லத்தான் வந்தீங்களா" என்றார். அப்புறம் அவரே போய் அந்தக் குமிழியைப் பார்த்தார். "இத இன்னும் ஓட்டியிருந்தா நடு ரோட்ல நின்னிருப்பேன்" என்றார். இப்ப ஹெட்டைக் கழட்டி வேலை நடக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

பழைய 4×4-ல நம்ம கவனம் எல்லாம் லீவர் மேலயும் உயரத்து மேலயும் போகும். ஆனா வண்டியைச் சாகடிக்கிறது பெரும்பாலும் சாதாரண விஷயம்தான்: கூலன்ட், துரு, எண்ணெய். முதல்ல வண்டியா நல்லா இருக்கான்னு பாருங்க, அப்புறம்தான் 4×4.

வாங்கிட்டா எப்படி வச்சுக்கணும்

எண்ணெய் நாலு இடத்துல: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். வாங்கினவுடனே நாலையும் மாத்துங்க. தண்ணியில இறங்கி வந்தா மறுபடி பாருங்க. எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு.

மாசம் ஒரு தடவை மண் பாதையில கொஞ்ச தூரம் 4×4-ல ஓட்டுங்க. பயன்படுத்தாத லீவர் இறுகிப் போகும்.

பெட்ரோல் ஜிப்ஸி என்றால் எரிபொருள் ரப்பர் குழாய்களை மாத்திடுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்காது, குழாய் ஊறி வெடிக்கும். கசிஞ்சா தீ அபாயம். ஜிப்ஸிக்கு ஒரு வசதி, அதோட 1300 சிசி இன்ஜின் எஸ்டீம் கார் இன்ஜினுக்குச் சொந்தக்காரன். தெரிஞ்ச மெக்கானிக் எல்லா ஊர்லயும் இருப்பார்.

கடைசியா தண்ணி. இது ரொம்ப முக்கியம். பூண்டியில தண்ணி திறந்தா கொசஸ்தலை ஆத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். ஒவ்வொரு மழைக்கும் யாராவது ஒருத்தர் "நம்மகிட்ட 4×4 இருக்கே" என்று இறங்குவாங்க. 4×4 என்பது தரையைப் பிடிக்கிறதுக்கு. ஓடற தண்ணியில வண்டி மிதக்க ஆரம்பிச்சா பிடிக்கத் தரையே இருக்காது. ரெண்டு அடி தண்ணி ஓட்டமா இருந்தா பெரிய வண்டியையே தள்ளிடும். தரைப்பாலத்து மேல தண்ணி ஓடினா, எந்த லீவரையும் போடாதீங்க. திரும்பி வாங்க. தெரியாம தண்ணியில இன்ஜின் நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். கட்டி இழுத்து வெளியே கொண்டு வாங்க.

தம்பி இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கான். நேத்து ராத்திரி ஒரு போட்டோ அனுப்பினான். கார் போட்டோ இல்லை. ஒரு ஜிப்ஸிக்கு அடியில படுத்து எடுத்தது. ரெண்டு ஷாஃப்ட்டும் தெரியுது. கீழே எழுதியிருந்தான்: "அண்ணா, இது பார்ட்-டைம்தானே? தார்ல போட மாட்டேன்."

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க வீட்டுப் பக்கம் ஷெட்டுல தூங்கற பழைய ஜீப்போ பஜேரோவோ இருந்தா, அடியில குனிஞ்சு பார்த்துட்டு, லீவர்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க.